பரங்கிக் கொடி தோட்டத்தை விழுங்காமல் இருக்க: மூன்று குழிப் பதிவு

பரங்கி காய்க்கவில்லை என்று சொல்பவர்கள் காட்டும் கொடி பெரும்பாலும் நோஞ்சானாக இருப்பதில்லை. இலைகள் முறம் முறமாக விரிந்திருக்கும், கொடி கத்தரிப் பாத்தியை மூடி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு முருங்கையில் ஏறியிருக்கும். காய் மட்டும் இருக்காது. காரணம் முதல் நாற்பது நாளுக்குள்ளேயே இருக்கும்: குழியில் கொட்டிய எரு, கூட்டமாக முளைத்தும் கலைக்காமல் விட்ட நாற்று, கிள்ளாமல் விட்ட நுனி. அதற்குப் பிறகு அரிவாளை எடுத்து வெட்டினால் கொடி சிறுக்கும், ஆனால் காய் வந்துவிடாது.

இந்தப் பதிவு 20 அடி நீளம், 13 அடி அகலமுள்ள ஒரு கொல்லைத் துண்டுக்கானது. மூன்று குழிகள், குழிக்கு ஒரு கொடி. பயிர் மஞ்சள் பூசணி என்றும், கொங்குப் பக்கம் அரசாணி என்றும் சொல்லும் பரங்கி. ரகம் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2. காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். அதே பல்கலைக்கழகத்தின் கோ 1 ஏழெட்டுக் கிலோ காய்க்கும். கல்யாணச் சமையலுக்கு அது சரி, நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு காயை அறுத்தால் ஒரு வாரம் தெருவுக்கே பங்கு வைக்க வேண்டியிருக்கும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் இரண்டு மூன்று கிலோ, அர்கா சூர்யமுகி ஒரு கிலோ அளவு. பந்தலில் ஏற்ற நினைப்பவர்கள் இந்தச் சிறு காய் ரகங்களைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

பட்டம் ஆடி அல்லது மார்கழி. ஆடியில் ஊன்றினால் புரட்டாசிக்குள் காய் பிடித்துவிடும், ஐப்பசி மழை வலுக்கும்போது பிஞ்சுகளின் தோல் தடித்திருக்கும். ஆவணி கடைசிவரை தள்ளிப்போட்டால் பூக்கும் நேரமும் அடைமழையும் ஒன்றாக வந்து மகரந்தம் நனைந்தே போகும்.

குழிகளை நடுவில் போடாமல் 20 அடிப் பக்கத்தின் ஓரமாக, ஆறரை அடிக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். மூன்று கொடிகளும் ஒரே திசையில், 13 அடி அகலத்துக்குள் ஓடும். நடுவில் நட்டால் கொடி நாலாபுறமும் பரவி, தண்ணீர் ஊற்றவும் காய் பார்க்கவும் கால் வைக்க இடமிருக்காது. குழி ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழம். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, அதோடு நன்றாக மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 250 கிராம், 6:12:12 கலப்பு உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் அந்த விகிதத்தில் கலந்தது) 100 கிராம் கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆறப் போடுங்கள். கலப்பு உரம் வேண்டாதவர்கள் எலும்புத் தூள் 200 கிராமும் இரண்டு கை அடுப்புச் சாம்பலும் போடலாம். ஆடிப் பட்டத்துக்குக் குழியின் மேல்பகுதி தரையைவிட அரை அடி மேடாக இருக்கட்டும். கோடையைத் தாண்டும் மார்கழிப் பட்டத்துக்கு என்றால் தட்டுப் போலப் பள்ளமாக.

மக்காத சாணியைக் குழியில் போடுவதும், எருக்குழியின் மேலேயே விதையை ஊன்றுவதும் பலர் பெருமையாகச் செய்கிற காரியம். கொடி அசுர வேகத்தில் வரும் என்பது உண்மைதான். தழைச்சத்து வந்துகொண்டே இருப்பதால் கொடி இலைமேல் இலையாகப் போட்டுக்கொண்டு போகும், பெண் பூ வரப் பல வாரம் தாமதமாகும். போதாததற்கு மக்காத சாணியோடு வேர்ப்புழுவும் வந்து சேரும்.

சமையலறைக் கழிவில் தானாக முளைத்த நாற்றையும் வைக்கலாம், ஆனால் என்ன காய்க்கும் என்று சொல்ல முடியாது. கடையில் வாங்கிய காய் வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அதன் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது. பாகல் பக்கத்தில் இருந்தால் பரங்கி கசக்கும் என்பது வெறும் பேச்சு. இரண்டும் ஒன்றோடொன்று சேராத இனங்கள். அதோடு, எந்த மகரந்தம் விழுந்தாலும் அந்த ஆண்டுக் காயின் சதை தாய்க்கொடியுடையதுதான். ஆனால் எந்தக் காரணத்தாலோ ஒரு காய் நாக்கில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். சுரை, பரங்கி வகைகளில் கசப்பு என்பது வயிற்றைப் புரட்டிப்போடும் நஞ்சு. வேகவைத்தாலும் போகாது.

விதையை ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவைத்து, குழிக்கு ஐந்தாக, ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். அணிலும் எலியும் தோண்டும் இடமென்றால் முளைக்கும்வரை கம்பி வலைத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பதினைந்தாம் நாளில் கலைப்பு. பல்கலைக்கழகப் பரிந்துரை குழிக்கு இரண்டு செடி. வயலுக்கு அது பொருந்தும், கொல்லைக்கு ஒன்றே போதும். இரண்டு வைத்தால் இருபதாம் நாள் அழகாக இருக்கும், ஐம்பதாம் நாள் எது எந்தக் கொடி என்று தெரியாது. வேண்டாத நாற்றைப் பிடுங்காமல் தரையோடு கத்தரியால் நறுக்குங்கள், பிடுங்கினால் பின்னிக்கிடக்கும் பக்கத்து வேரும் சேர்ந்து வரும். நன்றாக வளர்ந்த நாற்றை நறுக்க மனசு வராது. அதற்கு இரங்கினால் மீதிப் பதிவைப் படித்துப் பயனில்லை.

இந்த நாட்களில் முக்கிய எதிரி சிவப்புப் பூசணி வண்டு. அரை அங்குலத்துக்கும் குறைவான, ஆரஞ்சுச் சிவப்பு நிற வண்டு. முளைத்ததும் விரியும் முதல் இரண்டு இலைகளான வித்திலைகளைச் சல்லடையாக்கிவிடும். நாலு இலை வந்த செடி தாங்கும், இரண்டு இலைச் செடி தாங்காது. விடியற்காலையில் வண்டு மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். வெயில் ஏறிவிட்டால் கை போகுமுன் பறந்துவிடும். பனி ஈரம் இருக்கும்போது சாம்பல் தூவினால் இலையில் ஒட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 2 மி.லி. கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இளம் இலை கருகும். கொசுவலைத் துணியால் மூடி வைப்பதுதான் எல்லாவற்றிலும் எளிது, பூ வரும் முன் எடுத்துவிட வேண்டும் என்பதை மறக்காத வரையில். வண்டின் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும். ஈரம் இருந்தும் சின்னக் கொடி திடீரென்று துவண்டால் தண்டின் அடியைக் கிளறிப் பாருங்கள்.

கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு ஆகாது, இலையைச் சுட்டுவிடும். மற்றச் செடிகளுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று தூவ வேண்டாம்.

இருபத்தைந்தாம் நாளுக்கு மேல் கொடி ஓடத் தொடங்கும். இங்கேதான் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். முதன்மைக் கொடியில் எட்டுப் பத்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். சில நாளில் இலைக் கக்கங்களிலிருந்து பக்கக் கிளைகள் புறப்படும். பரங்கியில் பெண் பூக்கள் இந்தக் கிளைகளில்தான் முன்னதாகவும் கூடுதலாகவும் வரும். திடமான மூன்று கிளைகளை வைத்துக்கொண்டு மற்றதை விரல் நீளம் இருக்கும்போதே ஒடித்துவிட வேண்டும். ஒடித்தது வீணில்லை, நார் உரித்து நறுக்கினால் நல்ல கீரை. கிள்ளுவதை மழையில்லாத காலையில் செய்தால் வெட்டுவாய் மதியத்துக்குள் காய்ந்துவிடும். தேமல் (இலை மஞ்சளும் பச்சையுமாகிச் சுருங்கும் நச்சுயிரி நோய்) கண்ட செடி இருந்தால் அதைக் கடைசியாகத் தொடுங்கள், அதன் சாறு பட்ட கையும் கத்தியும் நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

வைத்த மூன்று கிளைகளையும் இரண்டடி இடைவெளியில் விசிறிபோல ஓடவிட்டு, கவைக்குச்சியைத் தலைகீழாகக் குத்தி நுனியின் திசையை நிறுத்த வேண்டும். நல்ல வெயிலும் ஈரமும் உள்ள நாட்களில் நுனி ஒரு நாளில் ஒரு சாண் வரைகூட நகரும். ஆகவே மூன்று நாளுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் பற்றுச்சுருள் கத்தரிச் செடியைப் பிடித்து முறுக்கியிருக்கும், கணுக்கள் மண்ணில் வேர் இறக்கியிருக்கும். வேர் பிடித்த கொடியைத் தூக்கித் திருப்பினால் வேர் அறுவதோடு இலைகள் எல்லாம் தலைகீழாகி, மறுபடி வெயிலைப் பார்த்துத் திரும்பவே பல நாள் வீணாகும். திருப்பியே ஆக வேண்டுமென்றால் பிற்பகலில் செய்யுங்கள். காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், தொட்டால் முறியும். மூன்று மணி வெயிலில் சற்றுத் துவண்ட தண்டு வளைந்து கொடுக்கும்.

சரியான திசையில் போய்விட்ட கொடியில் நாலைந்து கணுவுக்கு ஒன்றைத் தேர்ந்து இரண்டு கை மண்ணும் எருவும் போட்டு மூடி ஈரமாக வைத்தால் அங்கே வேர் இறங்கும். காற்றில் கொடி புரளாது. அடித்தண்டில் அழுகல் வந்தாலும் கொடி பிழைத்துக்கொள்ளும். இந்தக் கணு வேர்கள் இருக்கும் பயிர் கோடையை எவ்வளவு எளிதாகத் தாண்டுகிறது என்று ஒருமுறை பார்த்தவர்கள் இதை விடமாட்டார்கள்.

முப்பதாம் நாள் மேலுரம். குழிக்கு 10 கிராம் தழைச்சத்து என்பது பரிந்துரை, யூரியாவில் சொன்னால் 22 கிராம், கடலைப் பிண்ணாக்கில் ஏறக்குறைய 140 கிராம். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணால் மூடித் தண்ணீர் விட வேண்டும். இதற்கு மேல் தழைச்சத்து வேண்டாம். பஞ்சகவ்யம், மீன் அமிலம், பிண்ணாக்குக் கரைசல் என்று வாரம் ஒன்றாக ஊற்றுபவர்களின் கொடிகள்தாம் முதல் பத்தியில் சொன்ன கொடிகள். ஐம்பதாம் நாளிலும் இலை கரும்பச்சையாகத் தடித்து, ஒரு பெண் மொக்குகூடத் தெரியவில்லை என்றால் உரத்தை நிறுத்தி, தண்ணீர் விடும் இடைவெளியை இரண்டு நாள் கூட்டி, எல்லாக் கிளை நுனிகளையும் ஒருமுறை கிள்ளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் சல்பேட் கரைத்து மாலையில் ஒரு தெளிப்பு கொடுக்கலாம்.

வயலில் பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி மருந்தைத் தெளிப்பார்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி., இரண்டிலைப் பருவத்தில் தொடங்கி வாரம் ஒன்றாக நான்கு முறை. மூன்று குழிக்கு இது தேவையில்லை. ஐம்பதாம் நாளில் நினைவு வந்து தெளிப்பதாலும் பயனில்லை.

தண்ணீர் ஒரு குழிக்கு 15 லிட்டர், செம்மண்ணில் நான்கு நாளுக்கு ஒரு முறை, களிமண்ணில் வாரம் ஒரு முறை. தண்டின் அடியில் ஊற்றாமல் சுற்றுவட்டத்தில் ஊற்றுங்கள். நண்பகலில் இலை குடைபோல மடங்கித் தொங்குவது பரங்கியின் இயல்பு. அதைப் பார்த்துப் பதறித் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். காலை ஏழு மணிக்கும் தொங்கினால்தான் தண்ணீர்க் குறை அல்லது வேரில் கோளாறு.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, நீண்ட மெல்லிய காம்பில் நிமிர்ந்து நிற்கும். பெண் பூ குட்டைக் காம்பில், இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு வரும். ஆண் பூக்கள் உதிர்வதைக் கண்டு காய் உதிர்கிறது என்று மருந்து கேட்பவர்கள் உண்டு, அவை உதிரத்தான் வேண்டும். பெண் பூவின் பிஞ்சு மஞ்சளாகி நுனியிலிருந்து அழுகினால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பூ விடியலில் விரிந்து ஒன்பது பத்து மணிக்குள் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. கிடைப்பது அந்த மூன்று நான்கு மணி நேரம்தான். தேனீ வராத மொட்டைமாடி, நகரத்துக் கொல்லை என்றால் கையால் சேர்த்துவிட வேண்டும்.

முந்தின மாலையே நாளைக்கு விரியும் பெண் மொக்கைத் தெரிந்துகொள்ளலாம், அதன் நுனி பச்சை மாறி மஞ்சளாகியிருக்கும். காலை ஆறரைக்கு அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, மகரந்தம் உள்ள நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் தடவுங்கள். சூல்முடியின் மடல்கள் எல்லாவற்றிலும் மஞ்சள் தூள் படிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும், அல்லது பாதியில் நிற்கும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ பயன்படுத்தினால் குறையிருக்காது. தூறல் உள்ள நாளில் முந்தின மாலையே ஆண் மொக்கு இரண்டையும் பெண் மொக்கையும் காகிதக் கூம்பால் மூடி வைத்து, காலையில் சேர்த்தபின் பெண் பூவை மட்டும் மறுபடி மூடுங்கள். நனைந்த மகரந்தம் உதவாது. மூன்று நான்கு நாளில் பிஞ்சின் கழுத்து கீழே வளைந்து பருமன் கண்டால் பிடித்துவிட்டது.

மார்கழியில் பூக்கும் கொடிக்குத் தனிச் சிக்கல் ஒன்று. வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்குப் பரங்கிப் பூ வேண்டும், பறிக்கும் நேரமும் மகரந்தம் சேரும் நேரமும் ஒன்றே. ஆண் பூவை மட்டும் பறியுங்கள், கொடிக்கு மூன்றையாவது விட்டுவையுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் எது ஆண், எது பெண் என்று காட்டிவிடுவது நல்லது. இருட்டில் கை போகிற பூவெல்லாம் கோலத்துக்கு என்றால் தைப் பொங்கல் கூட்டுக்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

கோ 2 கொடியில் நான்கைந்து காய் நிறுத்தினால் போதும். இரண்டு மூன்று காய் திரண்டுவிட்டால் கொடி அடுத்தடுத்த பிஞ்சுகளைத் தானே உதிர்க்கும், அதற்கு மருந்தில்லை, தேவையுமில்லை. ஒவ்வொரு கிளையிலும் கடைசிக் காய்க்கு அப்பால் ஐந்து இலை விட்டு நுனியைக் கிள்ளிவிடுங்கள். 13 அடியைத் தாண்டும் கவலையும் அதோடு முடியும்.

பிடித்த பிஞ்சைக் காப்பாற்றுவது பழ ஈயிடமிருந்து. தோல் மெல்லிதாக இருக்கும் முதல் இரண்டு வாரத்தில் ஊசி குத்தியதுபோல் துளையிட்டு முட்டை வைக்கும், துளையில் பிசின் துளி நிற்கும். உள்ளே புழு வந்தபின் எந்த மருந்தும் எட்டாது. மகரந்தம் சேர்த்த மூன்றாம் நாள் பிஞ்சைப் பழைய வேட்டித் துணிப் பையில் போட்டுக் காம்பருகே தளர்வாகக் கட்டி, தோல் நகத்துக்குக் கடினமாகும்வரை வைத்திருப்பதே நம்பகமான வழி. இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டும் பிடிக்கும், தெருவில் ஒரு வீட்டில் மட்டும் தொங்கவிட்டால் பலன் அரைகுறை. குத்துப்பட்டு விழுந்த பிஞ்சை எருக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணில் கூட்டுப்புழுவாகி ஈயாக வரும். கறுப்பு பாலிதீன் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு எறியலாம்.

இலையில் நரம்போரம் வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். போகாவிட்டால் அது பரங்கி இலையின் இயல்பான நிறம். மாவாக விரலில் ஒட்டினால் சாம்பல் நோய். வயதான இலைகளில் தொடங்கும்போதே ஒரு லிட்டர் புளித்த மோரைப் பத்து லிட்டர் தண்ணீரில் வடிகட்டி வாரம் ஒருமுறை தெளித்தால் பரவுவது மட்டுப்படும். காற்றோட்டத்துக்காக அடியிலைகளை நீக்கும்போது ஒரே நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். காம்பு உள்ளே குழல், கொடியை ஒட்டி வெட்டினால் மழைநீர் நேரே கணுவுக்குள் இறங்கும், ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். மஞ்சளும் பச்சையும் கலந்து சுருங்கிய இலைகளோடு வரும் தேமலுக்குச் சிகிச்சை கிடையாது. முப்பது நாளுக்குள் தெரிந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி விதைப்பதே லாபம்.

தரையில் கிடக்கும் காயின் அடியில் வைக்கோல் மெத்தை அல்லது தென்னை மட்டைத் துண்டு வைக்க வேண்டும், ஈர மண்ணில் அமர்ந்த பக்கம் மழையில் அழுகும். பந்தலில் ஏற்றுவதானால் ஏழடி உயரம், சவுக்குக் கழி, அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் ஓரடிக்கு ஒரு கம்பி. அப்போது கொடியை எட்டு இலையில் கிள்ளக் கூடாது, பந்தல் மட்டம் தொடும்வரை பக்கக் கிளைகளை நீக்கி, மேலே போனதும் கிள்ள வேண்டும். ஒரு கிலோ தாண்டும் காய்களை வெங்காய வலைப் பையில் இட்டு, எடை காம்பில் விழாமல் கம்பியில் கட்டுங்கள். கூரையிலும் வைக்கோல் போரிலும் ஏற்றுகிற பழைய வழக்கத்தில் இந்த வேலையே இல்லை, காய் உட்கார்ந்துகொள்ளும்.

கூட்டுக்கு இளங்காய் வேண்டுமானால் மகரந்தம் சேர்ந்த மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம். முற்றிய காய் என்றால் காம்பு தக்கைபோல் காய்ந்து வரிவிட வேண்டும், தோலின் பளபளப்பு போய் நகம் இறங்காமல் இருக்க வேண்டும். மூன்று அங்குலக் காம்போடு அறுத்து, காம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்து எடுங்கள். காம்பு பிய்ந்த காய்தான் முதலில் அழுகும். காற்றோட்டமான நிழலில் பத்து நாள் வைத்தபின் பரணில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கினால் இரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும்.

விதைக்கு என்று ஒரு காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, அறுத்து மூன்று வாரம் கழித்துப் பிளந்து, கழுவி, நிழலில் காயவைத்துச் சாம்பல் புரட்டிச் சீசாவில் அடையுங்கள். பக்கத்தில் வேறு பரங்கி ரகம் இருந்தால் அந்தக் காயின் பூவை முந்தின மாலையே மூடி, கையால் சேர்த்து, மறுபடி மூடியிருந்தால்தான் அடுத்த பட்டத்திலும் கோ 2 வரும். அதே குழியில் மறுபட்டம் சுரை, பீர்க்கு, புடல் எதுவும் வேண்டாம், கொத்தவரையோ செடி அவரையோ போடலாம்.